சிறுநீரக மாற்று செய்துகொண்டவரின் கருவிழி ஓரத்தில் வெண்மையான வளர்ச்சி: இது புற்றுநோயாக இருக்குமா?

கேள்வி: நீரோடை

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 41. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவனுக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. எங்கள் தாயார் கொடுத்த சிறுநீரகம் இன்றுவரை நன்றாக இயங்கி வருகிறது. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க, எதிர்ப்பு ஆற்றலை அடக்கும் மருந்துகளில் ஒன்றான அசத்தயோப்ரினை முதல் நான்கு ஆண்டுகள் எடுத்துக்கொண்டான். இப்போது அதே நோக்கத்துக்காக டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், குறைந்த அளவில் ப்ரெட்னிசோலோன் ஆகிய மூன்றும் தொடர்கின்றன. அவனுடைய தொழில் நில அளவை என்பதால் பகல் பொழுதின் பெரும்பகுதி வெயிலிலேயே கழியும்.

எட்டு மாதங்களுக்கு முன் அவனுடைய இடக்கண்ணில், கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் ஓரத்தில், மூக்குப் பக்கமாகச் சிறிய வெண்மையான தடிப்பு ஒன்று தோன்றியது. முதலில் பார்த்த மருத்துவர் அது கண்ணில் வளரும் சாதாரணச் சதை, அதாவது டெரிஜியம், என்று சொல்லி ஸ்டீராய்டு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். சிவப்பு குறைந்ததால் நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம். ஆனால் தடிப்பு மட்டும் குறையவே இல்லை. கூழ் போலச் சற்று மேலெழுந்து, அதை நோக்கிப் பருத்த இரத்தக் குழாய் ஒன்று ஓடுவது எனக்கே கண்ணாடியில்லாமல் தெரிந்தது. சென்ற வாரம் வேறொரு மருத்துவர் நீல நிறச் சாயம் இட்டுப் பார்த்துவிட்டு, இது கண்ணின் மேற்பரப்பை மூடியிருக்கும் தட்டையான செல்களில் வரும் செதிள் செல் புற்றுநோயின் தொடக்கமாக இருக்கலாம், அகற்றிப் பரிசோதிக்க வேண்டும் என்றார்.

சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துகள்தாம் இதற்குக் காரணமா? அப்படியானால் அவற்றைக் குறைக்க வேண்டுமா? குறைத்தால் தாயார் கொடுத்த சிறுநீரகத்துக்கு என்ன ஆகும்? அறுவை சிகிச்சை இல்லாமல் சொட்டு மருந்தாலேயே இதைக் கரைக்க முடியும் என்று சிலர் சொல்வது உண்மையா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். கண் போய்விடுமோ என்ற அச்சத்தில் அவன் சரியாக உறங்குவதுகூட இல்லை.

பதில்: விழித்துணை (கண் மருத்துவர், கருவிழி மற்றும் கண் புற்றுநோய்ப் பிரிவு)

சகோதரி, முதலில் உங்கள் தம்பியின் அச்சத்துக்கு விடை சொல்லிவிடுகிறேன். நீங்கள் விவரிக்கும் அளவில் இருக்கும் வளர்ச்சி, உண்மையிலேயே செதிள் செல் வகையைச் சேர்ந்ததாக இருந்தாலும், பெரும்பாலும் பார்வைக்குப் பங்கமில்லாமல் அகற்றக்கூடியது. கண்ணையே எடுக்க வேண்டிய நிலை, நோய் கண்ணின் உள்ளே புகுந்த பின்னரும், கண்குழி முழுவதையும் அகற்ற வேண்டிய நிலை அது குழிக்குள் பரவிய பின்னரும்தான் வருகிறது. அந்த இடத்துக்கு நோய் போவதற்கு முன் உங்களுக்குக் காலம் இருக்கிறது. ஆனால் இன்னும் எட்டு மாதங்கள் இல்லை.

இந்த நோய்களை 1995 முதல் ஒரே குடையின் கீழ் வைத்து, கண் மேற்பரப்புச் செதிள் செல் புதுவளர்ச்சி என்று அழைக்கிறோம். மேல்தோல் அடுக்கின் அடிப்பகுதியில் சில செல்கள் ஒழுங்கு தவறுவதில் தொடங்கி, அந்த அடுக்கு முழுவதும் கெட்டுப்போன, ஆனால் கீழே இறங்காத நிலையைக் கடந்து, மேல்தோலுக்கு அடியில் இருக்கும் மெல்லிய அடித்தளச் சவ்வைத் துளைத்து உள்ளே ஊடுருவும் உண்மையான புற்றுநோய் வரை அத்தனையும் இந்தப் பெயருக்குள் அடங்கும். ஆகவே அந்தப் பெயரைக் கேட்டதும் முற்றிய புற்றுநோய் என்று எண்ணிவிட வேண்டாம். எந்தப் படியில் இருக்கிறது என்பதை நுண்ணோக்கிதான் சொல்லும்.

அது ஏன் சரியாக அந்த ஓரத்தில் வருகிறது என்று பலர் கேட்பதுண்டு. கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் அந்த வளையத்தை லிம்பஸ் என்கிறோம். கருவிழியின் மேல்தோலைக் காலமெல்லாம் புதுப்பித்துக்கொண்டிருக்கும் மூலச் செல்கள் அங்கேதான் குடியிருக்கின்றன. இடைவிடாமல் பெருகும் செல்களுக்கு மரபுப் பொருளில் பிழை நேரும் வாய்ப்பும் அதிகம். போதாக்குறைக்கு, இமைகள் திறந்திருக்கும்போது வெயில் நேரடியாகப் படுவதும் அந்தப் பகுதியின் மூக்குப் பக்கத்திலும் காதுப் பக்கத்திலும்தான். பக்கவாட்டிலிருந்து வரும் ஒளியைக் கருவிழியே ஒரு வில்லை போல வளைத்து, மூக்குப் பக்க ஓரத்தில் குவித்துவிடவும் செய்கிறது. உங்கள் தம்பியின் தொழிலை எண்ணிப் பாருங்கள்.

வெயிலில் உழைப்பவர்கள் எல்லோருக்கும் இந்த நோய் வருவதில்லையே என்றால், அதற்கு விடை எதிர்ப்பு ஆற்றலில் இருக்கிறது. புற ஊதாக் கதிரால் கெட்டுப்போன செல்களை, இரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி-செல்கள் அடையாளம் கண்டு அழித்துக்கொண்டே இருக்கின்றன. டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் செய்வது அந்த டி-செல்களை அடக்கி வைப்பதுதான். அப்படி அடக்கி வைப்பதால்தான் சிறுநீரகம் பிழைத்திருக்கிறது. எச்.ஐ.வி. தொற்றில் அதே காவல் வேறு வழியில் குலைகிறது. காவல் குறைந்த உடலில் இந்த நோய் இளவயதிலேயே வருகிறது, வேகமாகப் பெரிதாகிறது, சில சமயம் இரு கண்களிலும் வருகிறது, ஆழமாக ஊடுருவும் வாய்ப்பும் அகற்றிய பின் திரும்பும் வாய்ப்பும் கூடுகின்றன. மனிதப் பாப்பிலோமா வைரஸின் பங்கு பற்றி ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் வைரஸ் பரவலாகக் கிடைக்கிறது, சிலவற்றில் ஏறக்குறைய இல்லை.

டெரிஜியம் என்று முதலில் சொன்ன மருத்துவர் மீது மட்டும் பழி போட எனக்கு மனம் வரவில்லை. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே வெயிலால் வருபவை, பல சமயம் ஒன்றினுள் ஒன்று ஒளிந்தும் இருக்கும். ஆனால் உறுப்பு மாற்று செய்துகொண்டவர் என்று தெரிந்த பின்னும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைக் கொடுத்துவிட்டுச் சில வாரங்களில் மீண்டும் பார்க்காமல் விட்டது தவறு. ஸ்டீராய்டு அழற்சியைத் தணித்துச் சிவப்பை மறைத்துவிடும். வளர்ச்சி அதன் போக்கில் தொடரும். மேலெழுந்த கூழ் போன்ற அல்லது வெண்மையான பரப்பு, கொத்தான நுண் இரத்தக் குழாய்கள், ஊட்டம் கொண்டுவரும் பருத்த குழாய், கருவிழி மீது பனி படிந்தது போல் விரியும் மங்கல் ஆகியவை என்னை எச்சரிக்கும் அடையாளங்கள்.

நீலச் சாயம் என்று நீங்கள் குறிப்பிட்டது டொலுயிடின் நீலமாக இருக்க வேண்டும். அது நோயுள்ள பகுதியை நன்றாகவே சுட்டிக்காட்டும். ஆனால் நோயில்லாத சதையும் பல நேரங்களில் சாயம் ஏற்கும். ஆகவே சாயம் பிடித்தது என்பதை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று முடிவுகட்டுவதில்லை. கண்ணின் முன்பகுதிக்கான ஓ.சி.டி. படம், அதாவது ஒளியைக் கொண்டு திசு அடுக்குகளைக் காட்டும் படம், எடுத்தால், தடித்து வெண்மையாக ஒளிரும் மேல்தோல் அடுக்கும், இயல்பான பகுதியிலிருந்து அது சட்டென்று மாறும் எல்லையும் தெரியும்; டெரிஜியத்தில் மேல்தோல் மெல்லியதாகவே இருந்து, தடிப்பு அதன் அடியில் இருக்கும். இவற்றோடு காதுக்கு முன்புறமும் தாடைக்கு அடியிலும் நெறிகட்டியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். இரு கண்களின் இமைகளையும் மடித்துப் பார்க்க வேண்டும்.

அறுவையா, சொட்டு மருந்தா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டும் ஏற்கப்பட்ட வழிகளே. சொட்டு மருந்துகளில் 5-ஃப்ளூரோயுராசில், மைட்டோமைசின், இன்டர்ஃபெரான் ஆல்ஃபா-2பி ஆகிய மூன்றும் பயன்பாட்டில் உள்ளன. மைட்டோமைசின் வலிமையானது, ஆனால் நான் மேலே சொன்ன மூலச் செல்களையும் சேர்த்துக் கெடுக்கக்கூடியது. இன்டர்ஃபெரான் கண்ணுக்கு மிக மென்மையானது. எனினும் பல மாதங்கள் விட வேண்டும், குளிரில் பாதுகாக்க வேண்டும், தயாரிப்பு குறைந்துவிட்டதால் கிடைப்பதும் அரிதாகி வருகிறது. மேலும் உடலின் எதிர்ப்பு ஆற்றலைத் தூண்டுவதும் அது வேலை செய்யும் வழிகளுள் ஒன்று என்பதால், அந்த ஆற்றலை மருந்தால் அடக்கி வைத்திருப்பவரிடம் அதை மட்டும் நம்பி இருக்க நான் தயங்குவேன்.

உங்கள் தம்பியின் நிலையில் நான் பரிந்துரைப்பது, முழுமையாக அகற்றி அந்தத் திசுவை நோய்க்குறியியல் பரிசோதனைக்கு அனுப்புவதே. கண்ணுக்குத் தெரியும் விளிம்பிலிருந்து 3 முதல் 4 மில்லிமீட்டர் நல்ல திசுவையும் சேர்த்து, வளர்ச்சியைக் கருவியால் தொடாமலே எடுப்பார்கள். கருவிழி மீது படர்ந்த பகுதியை ஆல்கஹால் தடவித் தளர்த்தி உரிப்பார்கள். எஞ்சிய விளிம்புகளை இருமுறை உறையவைத்து உருகவிடுவார்கள். வெற்றிடத்தைப் பனிக்குடச் சவ்வால், அதாவது கருவைச் சூழ்ந்திருக்கும் பையின் மெல்லிய சவ்வால், மூடுவார்கள். தொடாமல் எடுப்பது ஏனென்றால், கெட்ட செல்கள் கருவியில் ஒட்டிக்கொண்டு பக்கத்து நல்ல இடத்தில் விதைபோல் விழுந்துவிடும். மூடுவதற்கு வேறு புதிய கருவிகளைக் கேட்டு வாங்கும் அறுவை மருத்துவர் உங்களுக்கு அமைந்தால், அவர் இந்த நோயை அறிந்தவர் என்று நம்பலாம்.

பதில்: ஏழாம்பிறை

இதைப் படிக்கும் பலருக்கும் பயன்படும் என்பதால் என் அனுபவத்தை எழுதுகிறேன். எனக்கு 33 வயதில் வலக்கண்ணில் இதே போன்ற தடிப்பு வந்தது. டெரிஜியம் என்று சொல்லி ஒரு மருத்துவமனையில் அகற்றினார்கள். அகற்றிய சதையைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை என்பது எனக்குப் பின்னர்தான் தெரியவந்தது. ஐந்தே மாதத்தில் அது முன்பைவிடப் பெரிதாகத் திரும்பியது. இரண்டாவதாக நான் சென்ற இடத்தில், என் வயதுக்கு இந்த நோய் பொருந்தவில்லை என்று சொல்லி, என் சம்மதத்தோடு எச்.ஐ.வி. பரிசோதனை செய்தார்கள். தொற்று இருந்தது. எதிர்ப்பு ஆற்றலின் அளவைக் காட்டும் சிடி4 செல்களின் எண்ணிக்கை 200-க்கும் கீழே இருந்தது. அதற்கு முன் எனக்கு ஒரு காய்ச்சல்கூட நீடித்து வந்ததில்லை. என் உடலில் இருந்த தொற்றை முதலில் வெளியே சொன்னது என் கண்தான்.

அன்று அந்தப் பரிசோதனையைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. என் நடத்தையைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று எண்ணினேன். பிறகு வாசித்தபோதுதான் புரிந்தது: ருவாண்டாவில் பணியாற்றிய கண் மருத்துவர்கள் 1990-இலேயே இந்தத் தொடர்பைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள், உகாண்டாவின் கம்பாலாவில் நடந்த ஆய்வு 1995-இல் அதை உறுதி செய்தது, அதே ஆண்டில் அமெரிக்காவின் பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், எய்ட்ஸ் உள்ளவர்களிடம் இந்த நோய் ஏறத்தாழ 13 மடங்கு அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். அத்தனை ஆண்டுகளாக அறியப்பட்ட ஒன்றை, என் முதல் அறுவைக்கு முன் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. இளவயதில் இந்த நோய் வந்தால் அந்தப் பரிசோதனையைக் கேட்பது நோயாளிக்குச் செய்யும் உதவியே. அதில் அவமதிப்பு எதுவும் இல்லை.

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து சிகிச்சையை உடனே தொடங்கினேன். அந்த மருந்துகளே கண்ணையும் குணப்படுத்திவிடும் என்று ஒரு நண்பர் சொன்னதை நம்பி, கண் அறுவையைத் தள்ளிப்போட எண்ணியதும் உண்டு. என் மருத்துவர் அதற்கு இடம் தரவில்லை. எதிர்ப்பு ஆற்றல் மீள்வது உடலுக்கு இன்றியமையாதது, ஆனால் கண்ணில் ஏற்கெனவே வேர்விட்டதை அது தானாக அகற்றும் என்று எதிர்பார்த்துக் காத்திருக்கக் கூடாது என்றார். அறுவையும் அதன் பின் சொட்டு மருந்தும் முடிந்து ஆறு ஆண்டுகள் நிறைவடைந்துவிட்டன. நோய் திரும்பவில்லை. வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையிலேயே இருக்கிறது. இருந்தும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரு கண்களையும் காட்டிவிட்டு வருகிறேன்.

பதில்: காவல்கோபுரம் (சிறுநீரக மாற்று மருத்துவம்)

நீரோடை அவர்களுக்கு, உங்கள் கேள்வியின் நடுப்பகுதி என் துறைக்குரியது. எந்த நிலையிலும் உங்கள் தம்பி தானாக ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்ட அதிர்ச்சியில் மருந்தை நிறுத்திவிட்டு, சில வாரங்களில் சிறுநீரகம் நிராகரிக்கப்பட்ட நிலையில் வந்து சேர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த இழப்பைத் திருப்பிக் கொண்டுவர இயலாது.

மருந்துகளுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு உண்மையானது. அசத்தயோப்ரினின் சிதைபொருள் செல்லின் மரபுப் பொருளில் கலந்து, புற ஊதா ஏ கதிர்களால் அது மேலும் எளிதில் சேதமடையும்படி செய்கிறது; உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களின் தோலில் செதிள் செல் புற்றுநோய் பல மடங்கு கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பூஞ்சைத் தொற்றுக்காக வோரிகொனசோல் நீண்ட காலம் எடுத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதுவும் வெயிலோடு சேர்ந்து அதே தீங்கைச் செய்யும். கண்ணின் மேற்பரப்பைப் பற்றித் தனியாக நடந்த ஆய்வுகள் சிறியவை; தோலில் கற்ற பாடத்தையே நாங்கள் கண்ணுக்கும் பொருத்திப் பார்க்கிறோம்.

திசுப் பரிசோதனை முடிவு வந்தபின் என்ன செய்யலாம் என்பதற்கு ஒரே விடை இல்லை. மொத்த அடக்கு மருந்தின் அளவை மெல்லக் குறைக்கலாம். அல்லது டாக்ரோலிமஸுக்குப் பதிலாக சிரோலிமஸ், எவரோலிமஸ் வகை மருந்துக்கு மாற்றலாம். தோலில் செதிள் செல் புற்றுநோய் வந்தவர்களை சிரோலிமஸுக்கு மாற்றியபோது புதிய கட்டிகள் குறைந்தன என்பதை 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் சிறுநீரில் புரதம் ஏற்கெனவே கசிபவர்களுக்கு அந்த மருந்து ஏற்றதன்று; காயம் ஆறுவதையும் அது தாமதப்படுத்தும். எனவே மாற்றுவதானாலும் கண் அறுவைக்குச் சற்று முன்போ உடனடியாகப் பின்போ மாற்றாமல், புண் ஆறிய பிறகு செய்வதே நல்லது. சிறிய, ஊடுருவாத வளர்ச்சியாக இருந்து, விளிம்பு முழுவதும் சுத்தமாக அகற்றப்பட்டிருந்தால், மருந்தில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் கண்காணிப்பதும் நியாயமான முடிவே.

இன்னொன்றையும் இங்கேயே பதிவு செய்ய விரும்புகிறேன். இன்டர்ஃபெரானை உடல் முழுவதும் பரவும் ஊசியாகக் கொடுத்தால் மாற்றுச் சிறுநீரகம் நிராகரிக்கப்படும் அபாயம் உண்டு. கண்ணில் விடும் சொட்டு மருந்திலிருந்து இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. எனினும் கண் மருத்துவர் அதைத் தேர்ந்தெடுத்தால், குறிப்பாகக் கண்ணின் படலத்துக்கு அடியில் ஊசியாகப் போடுவதானால், தொடங்கும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நோயாளி இரு மருத்துவர்களுக்கும் இடையே தூது செல்பவராக இருக்கக் கூடாது. இருவரும் நேரடியாகப் பேசும்படி நீங்கள் வற்புறுத்துங்கள். கண்ணில் ஒன்று வந்தவருக்கு முகம், காது மடல், கீழுதடு, புறங்கை ஆகிய இடங்களிலும் வந்திருக்கக்கூடும் என்பதால் தோல் மருத்துவரையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பதில்: நுண்ணோக்கி (நோய்க்குறியியல்)

அறுவைக்குப் பின் வரும் அறிக்கையை எப்படிப் படிப்பது என்று பலர் தடுமாறுவதால் இதை எழுதுகிறேன். அந்த அறிக்கையின் மதிப்பு பாதி அறுவை அரங்கிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அகற்றிய மெல்லிய திசுவை, கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவக் குப்பியில் நேராகப் போட்டால் அது சுருண்டுவிடும். எது விளிம்பு, எது நடு என்று எங்களால் பிரித்தறிய முடியாமல் போகும். ஒரு சிறு காகித அட்டையில் விரித்து ஒட்டவைத்து, மேல்புறம் எது, மூக்குப்புறம் எது என்று குறித்து, பின்னர் குப்பியில் இட்டால் ஒவ்வொரு விளிம்பையும் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல முடியும். நோயாளி எச்.ஐ.வி. உள்ளவரா, உறுப்பு மாற்று செய்துகொண்டவரா என்பதைக் கோரிக்கைத் தாளில் எழுதாமல் விடுவது எங்களுக்கு அடிக்கடி நேரும் இடர். அது தெரிந்தால் தேடும் பொருளே மாறும்.

ஏனென்றால் காவல் குறைந்த கண்ணில் வருவது செதிள் செல் நோய் மட்டுமன்று. சிவந்த இரத்தக் கசிவு போலத் தெரிந்து, இரண்டு மூன்று வாரங்களில் மறைய வேண்டியது மறையாமல் இருந்தால் அது கப்போசி சார்க்கோமா என்ற, இரத்தக் குழாய்களை ஒட்டி வளரும் புற்றுநோயாக இருக்கலாம்; 1994-இல் கண்டறியப்பட்ட எட்டாம் வகை ஹெர்பிஸ் வைரஸ் அதற்குக் காரணம். இமையை விலக்கினால் மட்டும் தெரியும் இளஞ்சிவப்புத் திட்டு, வழுவழுப்பாகவும் வலியில்லாமலும் இருந்தால் நிணநீர்ப் புற்றுநோயை நினைக்க வேண்டும். இவற்றுக்குச் சிகிச்சை முற்றிலும் வேறு. கண்ணால் பார்த்த தோற்றத்துக்கு மட்டும் மருந்து விட்டுக்கொண்டிருந்தால் இவை தப்பிவிடும்.

அறிக்கையில் இரண்டு வரிகளைத் தேடுங்கள். அடித்தளச் சவ்வு முழுமையாக இருக்கிறதா, துளைக்கப்பட்டிருக்கிறதா என்பது ஒன்று. விளிம்புகளில் நோய்ச் செல்கள் உண்டா என்பது மற்றொன்று. பக்க விளிம்போடு ஆழ விளிம்பையும் தனியே குறிப்பிட்டிருக்க வேண்டும். ஊடுருவிய நோயாக இருந்தால் அது எந்த உள்வகை என்றும் பாருங்கள். கதிர் செல் வகையும், சளி சுரக்கும் செல்கள் கலந்த மியூகோஎபிடெர்மாய்டு வகையும் அரிதானவை, ஆனால் மூர்க்கமானவை.

மறுமொழி: நீரோடை

மூவாரங்கள் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. இரு மருத்துவர்களும் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள். மருந்தில் எதையும் மாற்றாமலேயே அறுவை நடந்தது. திசுவை அட்டையில் விரித்து அனுப்புவீர்களா என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, அந்த மருத்துவர் புன்னகையோடு வழக்கமாக அப்படித்தான் செய்கிறோம் என்றார். அறிக்கையில், மேல்தோல் அடுக்கு முழுவதும் நோய் இருப்பதாகவும், அடித்தளச் சவ்வு துளைக்கப்படவில்லை என்றும், ஆழ விளிம்பு சுத்தம் என்றும், கீழ்ப்புறப் பக்க விளிம்பில் மட்டும் மாறுபட்ட செல்கள் இருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். இப்போது 5-ஃப்ளூரோயுராசில் சொட்டு மருந்து தொடங்கலாம் என்கிறார்கள். மீண்டும் ஓர் அறுவை செய்வதே பாதுகாப்பு என்று உறவினர் ஒருவர் வற்புறுத்துகிறார். தம்பியும் குழம்பியிருக்கிறான்.

பதில்: விழித்துணை

நல்ல செய்திதான், சகோதரி. ஊடுருவவில்லை என்பதே இந்த அறிக்கையின் முதன்மையான வரி. விளிம்பில் செல்கள் எஞ்சியிருப்பதைப் பொருட்படுத்தாமல் விட முடியாது. பழைய ஆய்வுத் தொகுப்புகளில் விளிம்பு சுத்தமாக இருந்தவர்களிடம் 5 முதல் 33 விழுக்காடு வரையும், விளிம்பில் நோய் எஞ்சியவர்களிடம் 56 விழுக்காடு வரையும் நோய் திரும்பியதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த எண்களில் பெரும்பாலானவை சொட்டு மருந்து பரவலாவதற்கு முந்தியவை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கென்யாவில் நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு உங்கள் தம்பியின் நிலைக்கு மிக அருகில் வருகிறது. அதில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள். அறுவைக்குப் பின் ஒரு பிரிவினருக்கு 5-ஃப்ளூரோயுராசில் சொட்டு மருந்தும் மற்றப் பிரிவினருக்கு மருந்தில்லாத சொட்டும் நான்கு வாரங்கள் கொடுத்தார்கள். ஓராண்டில் மருந்து பெற்ற 47 பேரில் 5 பேருக்கும், பெறாத 47 பேரில் 17 பேருக்கும் நோய் திரும்பியது. எதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்களிடமும் இந்த மருந்து வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. ஆகவே இப்போதே மறு அறுவை தேவையில்லை என்பதே என் கருத்து. ஒவ்வொரு அறுவையும் லிம்பஸ் மூலச் செல்களில் ஒரு பங்கைக் கழித்துவிடுகிறது என்பதையும் உறவினரிடம் சொல்லுங்கள்.

பலரும் பின்பற்றும் முறையில், ஒரு விழுக்காட்டு மருந்தை நாளுக்கு நான்கு முறை ஒரு வாரம் விட்டு, மூன்று வாரம் இடைவெளி கொடுத்து, அதே சுற்றை மீண்டும் செய்வார்கள். உங்கள் மருத்துவர் வேறு கால அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். மருந்து விடும் வாரத்தில் கண் எரியும், சிவக்கும், நீர் வடியும், இமைத்தோல் உரியலாம். விட்டபின் கண்ணை மூடி, மூக்கோர மூலையை விரலால் சில நிமிடங்கள் அழுத்திக்கொள்வதும், இமைத்தோலில் வழிந்ததை உடனே துடைப்பதும், முன்னதாகத் தோலில் வாசலின் தடவிக்கொள்வதும் உதவும். மருந்தைக் கையாள்பவர் கையுறை அணிய வேண்டும். கருவுற்ற பெண்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் அந்தக் குப்பியைத் தொடவே கூடாது.

அவர் வெளியே வேலைக்குத் திரும்பும்போது, புற ஊதாக் கதிரை 400 நானோமீட்டர் வரை தடுப்பதும், பக்கவாட்டையும் மூடுவதுமான கண்ணாடியும் அகன்ற விளிம்புள்ள தொப்பியும் அணியட்டும். கண்ணாடி எவ்வளவு கறுப்பு என்பது கணக்கில்லை. பக்கத்திலிருந்து வரும் ஒளியைத் தடுக்கிறதா என்று பாருங்கள். முதல் இரண்டு ஆண்டுகளில்தான் நோய் திரும்புவது அதிகம் என்பதால் அந்தக் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வர வேண்டும். அதன் பின் இடைவெளியை நீட்டலாம். ஆனால் அடக்கு மருந்து தொடரும் வரை பரிசோதனையும் தொடர வேண்டும். ஒவ்வொரு வருகையிலும் ஒரே வெளிச்சத்தில் இரு கண்களையும் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். முதல் சுற்று முடிந்த நாளில் எடுத்த படத்தைத் தம்பியின் கைப்பேசியிலும் வைத்திருங்கள். வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் காட்ட நேர்ந்தால், எது பழைய தழும்பு, எது புதியது என்று அந்தப் படத்தை வைத்து அவரால் சொல்ல முடியும்.